விளக்குக்குப் பின்னே ஒரு வாய்

பெண்கள் கடுகு டப்பாவில் பணம் ஒளித்து வைப்பதைப் பற்றி நம் பத்திரிகைகளில் எத்தனையோ துணுக்குகள் வந்தாகி விட்டன. செட்டிநாட்டு மரப் பெட்டிகளில் அறைக்குள் அறை வைத்து, அதற்குள்ளும் ஒரு கள்ள அறை வைத்த ஆசாரிகளைப் பற்றியும் கேள்விப்பட்டிருக்கிறோம். ஒளித்து வைப்பதற்கு ஒரு நியாயம் உண்டு. விலை உயர்ந்ததை ஒளிப்பார்கள்; வெட்கப்படத் தக்கதையும் ஒளிப்பார்கள். இந்த இரண்டிலும் சேராத ஒன்றை, வெறும் அழகுக்காகவே மெனக்கெட்டு ஒளித்து வைத்த ஒரு கூட்டத்தைப் பற்றி இப்போது சொல்லப் போகிறேன். அவர்கள் ஒளித்தது மோட்டார் காரின் பெட்ரோல் வாயை.

பெட்ரோல் வாய் என்றால் மூடியைத் திருகிக் குழாயைச் செருகுகிறோமே, அந்த இடந்தான். மனிதனுக்கு வாய் முகத்தில் இருப்பதைப் பற்றி யாரும் குறை சொன்னதில்லை. காருக்கு மட்டும் அது உடம்பில் ஒரு வடு மாதிரி சிலர் கண்ணுக்குப் பட்டிருக்கிறது. வழுவழுவென்று ஓடி வரும் தகட்டின் நடுவே வட்டமாக ஒரு மூடி. அழகுணர்ச்சி அதிகமாகி விட்டால் அது உறுத்தத்தான் செய்யும்.

1941-ல் அமெரிக்காவின் காடிலாக் கம்பெனியார் இதற்கு ஒரு வழி கண்டார்கள். பின்பக்கத்துச் சிவப்பு விளக்கைக் கீல் போட்டுப் பொருத்தினார்கள். விளக்குக்குக் கீழே உள்ள பிரதிபலிப்பு வட்டந்தான் தாழ்ப்பாள். அதை இயக்கினால் விளக்கு அப்படியே மேலே தூக்கிக் கொள்ளும். உள்ளே பெட்ரோல் மூடி உட்கார்ந்திருக்கும். 1948-ல் அதே காருக்கு மீன் துடுப்பு மாதிரி வால் முளைத்தது. ஹார்லி ஏர்ல் என்ற வடிவமைப்புத் தலைவர், லாக்ஹீட் பி-38 என்ற போர் விமானத்தின் இரட்டை வாலைப் பார்த்து மனசைப் பறிகொடுத்ததன் விளைவு அது. துடுப்பு வந்த பிறகும் விளக்குக்குப் பின்னால் வாய் இருக்கிற ஏற்பாடு மாறவில்லை. 1956-ல் செவ்ரலே காரும் இடப் பக்கத்து விளக்கைக் கதவாக்கிக் கொண்டது. அடுத்த வருஷமே அது இடத்தை மாற்றி, துடுப்பின் ஓரத்துப் பளபளப்புப் பட்டைக்குள் வாயை ஒளித்தது. பெட்ரோல் போடும் பையன்கள் குழாயைக் கையில் பிடித்துக் கொண்டு வண்டியைப் பிரதட்சிணம் வந்ததை நினைத்துப் பாருங்கள். 1959-ல் வந்த துடுப்பு வால் பென்ஸ் காரில் நம்பர் பலகையைச் சாய்த்தால் வாய் தெரியும். பழைய வோக்ஸ்வேகன் வண்டுக் காருக்கோ 1967 வரையில் முன்பக்கத்து மூடியைத் தூக்கித்தான் பெட்ரோல் ஊற்ற வேண்டியிருந்தது.

கம்பெனிக்காரர்கள் இப்படி என்றால் கலிபோர்னியாவின் பட்டறைக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். சாக்ரமெண்டோவில் ஹாரி வெஸ்டர்கார்டு என்ற ஒரு கைகாரர். அவரிடம் தொழில் கற்ற ஜார்ஜ் பாரிஸ். அவருடைய அண்ணன் சாம். கடையில் வாங்கிய காரை அறுத்து, கூரையைத் தாழ்த்தி, விளக்குகளைத் தகட்டுக்குள் புதைத்து, கதவுக் கைப்பிடிகளைக்கூட வெட்டி எறிந்து, துவாரங்களை ஈயம் உருக்கி அடைத்து வழித்து விடுவார்கள். கைப்பிடி இல்லாத கதவை எப்படித் திறப்பது? எங்கேயோ ஒரு மறைவான பொத்தான் இருக்கும். அதை அமுக்கினால் மின்சாரம் கதவைத் திறக்கும். பாட்டரி தீர்ந்து போனால்? அந்தக் கேள்வியை அழகுப் பைத்தியம் பிடித்தவர்களிடம் கேட்கக் கூடாது. இவர்கள் வழித்தெறிந்தவற்றில் பெட்ரோல் மூடியும் ஒன்று.

இந்தப் புராணமெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். இன்டர்மீடியட்டோடு படிப்பை நிறுத்திக் கொண்டவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. எதைப் படிக்க வேண்டும் என்று யாரும் அவனுக்குச் சொல்வதில்லை. ஆனால் உண்மைக் காரணம் சேரங்கோடுதான்.

நீலகிரி என்றால் நம்மில் பல பேருக்கு ஊட்டி ஏரியும் குன்னூர் சிம்ஸ் பூங்காவுந்தான். கூடலூருக்கு மேற்கே, நாடுகாணி, தேவாலா, பந்தலூர் தாண்டிக் கேரளத்தின் எல்லையோரம் ஒரு நீலகிரி இருக்கிறது. அங்கே குளிரை விட மழை அதிகம். 1880-ஐ ஒட்டி, தேவாலா பக்கத்துப் பாறைகளுக்குள் தங்கம் ஒளிந்திருக்கிறது என்று லண்டன் பணக்காரர்கள் கம்பெனி கம்பெனியாகத் தொடங்கிக் கையைச் சுட்டுக் கொண்டார்கள். இன்றைக்கு அங்கே கண்ணுக்கெட்டிய மட்டும் தேயிலை. 1964-ல் சாஸ்திரி அவர்களும் சிறிமாவோ அம்மையாரும் செய்து கொண்ட ஒப்பந்தப்படி இலங்கைத் தோட்டங்களிலிருந்து 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக ஆயிற்று. அவர்களில் ஒரு பகுதியினருக்குப் பிழைப்பு வேண்டும் என்று 1968-ல் சர்க்கார் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் சேரங்கோட்டுத் தோட்டமும் சேர்ந்தது. என் தங்கை அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஒரு நாவலை முடிப்பதற்காக, சென்ற வருஷம் ஆனி மாதம் அவள் வீட்டில் போய் உட்கார்ந்தேன். நாவல் முடியவில்லை. மழை நிற்காததால் எதிரே இருந்த தகரக் கொட்டகைப் பட்டறைக்குப் போய் உட்காரப் பழகி விட்டேன்.

பட்டறை ஒரு மேஸ்திரியுடையது. டிங்கரிங், கேஸ் வெல்டிங், பட்டி பூசுவது, பெயிண்டு அடிப்பது எல்லாம் அவர் ஒருவரே. அறுபதைத் தாண்டியவர். ஹட்டன் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்து, பத்து வயதில் தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் சில வாரம் கிடந்து, பெற்றோரோடு இந்த மலைக்கு வந்து சேர்ந்தவர். பெண்டாட்டி தோட்டத்தில் கொழுந்து எடுத்து அந்த மாதந்தான் ஓய்வு பெற்றிருந்தாள். ஓய்வு பெற்றால் லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். 2022-ல் தோட்ட நிலத்தில் ஒரு பகுதியைக் காட்டு இலாகாவுக்கே திருப்பிக் கொடுக்க சர்க்கார் ஆணை போட்டதிலிருந்து அந்த லைன்களில் எல்லார் பேச்சும் வீட்டைப் பற்றியதாகவே இருந்தது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் மகன், "வந்து விடுங்கள் அப்பா" என்று கூப்பிட்டுக் கொண்டிருந்தான். சாமான் ஏற்றிப் போகவும் அங்கே ஒரு வீட்டுக்கு முன்பணம் கொடுக்கவும் தொகை வேண்டும். அந்தத் தொகையாகத்தான் வந்து நின்றது ஒரு பழைய ஃபியட் 1100.

கூடலூர்க்காரர் ஒருவருடைய தகப்பனார் ஓட்டிய வண்டி அது. 1974-ல் பத்மினி என்று பெயர் மாறுவதற்கு முந்தைய பிறவி. பின்பக்கத்தில் சின்னதாக இரண்டு துடுப்பு, துடுப்பின் நுனியில் நெட்டையாகச் சிவப்பு விளக்கு. பழைய கார்களின் ஊர்வலம் ஒன்றில் அதை நிறுத்த வேண்டும் என்பது மகனுடைய ஆசை. காடிலாக்கின் படம் ஒன்றைக் கொண்டு வந்து காட்டி, "மேஸ்திரி, உடம்பில் ஓட்டையே தெரியக் கூடாது. விளக்குக்குப் பின்னால் கொண்டு போய் விடுங்கள்" என்றார்.

மேஸ்திரி படத்தை வாங்கி வெகு நேரம் பார்த்தார். பிறகு சட்டைக் கையை மேலே சுருட்டிக் காட்டினார். முழங்கை முதல் மணிக்கட்டு வரையில் தோல் வெந்து சுருங்கிய தழும்பு.

"இது என்னங்க தெரியுமா? பெட்ரோல் இல்லை, பெட்ரோலோட வாசனை. டேங்கைக் காலி பண்ணிட்டோம்னு நினைச்சு வெல்டிங் வச்சான் என் குரு. காலி டேங்குதான் ரொம்ப பொல்லாதது."

அவர் சொன்னது சத்தியம். பெட்ரோல் பூஜ்யத்துக்குச் சுமார் 40 டிகிரி கீழான குளிரிலும் தீப்பற்றத் தக்க ஆவியை விட்டுக் கொண்டே இருக்கிறது. ஊட்டியின் உறைபனி அதற்கு ஒரு பொருட்டே அல்ல. அந்த ஆவி காற்றை விடக் கனமானது. புகை மாதிரி மேலே போகாது, தண்ணீர் மாதிரி பள்ளம் பார்த்து இறங்கித் தேங்கும். அப்படித் தேங்கும் இடத்தில் ஒரு பல்பையும் இரண்டு கம்பியையும் கொண்டு போய் வைக்கச் சொல்கிறார் கார்க்காரர்! "அமெரிக்காக்காரன் வைக்கலையா?" என்று அவர் கேட்டார். "வச்சான். எப்படி வச்சான்னு யோசிச்சுட்டுச் சொல்றேன்" என்றார் மேஸ்திரி. யோசிக்க மூன்று நாள் எடுத்துக் கொண்டார்.

கார்க்காரரை அவர் இன்னொரு காரியமும் செய்யச் சொன்னார். போக்குவரத்து ஆபீசில் போய்க் கேட்டு விட்டு வர வேண்டும். உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கும் பதிவுச் சான்றில் உள்ளதற்கும் வித்தியாசம் வரும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. "பெட்ரோல் வாய் எங்கே என்று சான்றில் எழுதியிருக்கிறதா என்ன?" என்று கார்க்காரர் வாதாடினார். "எழுதலை. ஆனா கேட்டுட்டா நீங்களும் தூங்கலாம், நானும் தூங்கலாம்" என்றார் மேஸ்திரி. வேலை முடிந்ததும் வண்டியை நேரில் காட்ட வேண்டும் என்ற பதிலோடு அவர் திரும்பி வந்த பிறகுதான் சுத்தியலைக் கையில் எடுத்தார்.

முதலில் டேங்கை இறக்கிக் கழுவித் தண்ணீர் நிரப்பி வைத்தார். பெட்ரோலைக் கேனில் ஊற்றிப் பட்டறைக்கு வெளியே, தனியாக ஒரு தகரப் பெட்டிக்குள் கொண்டு போய் வைத்தார். பழைய வாயை வெட்டி எடுத்து அந்த இடத்தில் தகடு வைத்துப் பற்ற வைத்தார். பெட்ரோலுக்கு ஊறாத நைட்ரைல் ரப்பர் ஹோஸ்தான் வேண்டும் என்று கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்தார். சாதாரண ரப்பர் இரண்டு மாதத்தில் ஊறிப் பிசுபிசுத்துப் போய் விடுமாம். வாயைச் சுற்றி ஒரு கிண்ணம். சிந்துகிற பெட்ரோல் அந்தக் கிண்ணத்தில் விழுந்து, ஒரு குழாய் வழியாக வண்டிக்கு அடியில் வெளியே போய் விடும், டிக்கிக்குள் இறங்காது. உள்ளே இருக்கும் காற்று வெளியேற இன்னொரு சன்னக் குழாய். அது இல்லாவிட்டால் ஊற்றுகிற பெட்ரோல் முகத்தில் திருப்பியடிக்கும். பல்பும் கம்பியும் விளக்கின் மேல் பாதியில், ரப்பர் வளையம் வைத்து இறுக்கிய தனி டப்பாவுக்குள்.

கீலைப் பொருத்தும்போதுதான் அவருடைய புத்தி நுட்பத்தைக் கண்டேன். விளக்கின் எர்த், கீல் வழியாகவே போய் விடும். தனிக் கம்பி தேவையில்லை என்று யாரும் சொல்வார்கள். அவர் ஒப்பவில்லை. கீல் தேயும், தேய்ந்தால் ஆடும், ஆடுகிற இடத்தில் பொறி பறக்கும், அதுவும் பெட்ரோல் வாய்க்கு அரை அடி தூரத்தில். எனவே விளக்குக்கு நெளிந்து கொடுக்கிற தனி எர்த் கம்பி ஒன்று, வாயின் இரும்புக் கழுத்துக்கும் உடம்புக்கும் இடையே இன்னொன்று. இந்த மனிதருக்குப் பள்ளிக்கூடப் படிப்பு ஐந்தாம் வகுப்பு.

காடிலாக்கில் பிரதிபலிப்பு வட்டமே தாழ்ப்பாள் என்று நான் என் படிப்பைக் காட்டினேன். "தட்டினாத் திறக்கிற தாழ்ப்பாள் நம்ம ரோட்டுக்கு ஆகாதுங்க. தேவாலாப் பள்ளத்துல விழுந்து எழுந்தா விளக்கு வாயைப் பிளந்துக்கிட்டு நிக்கும்" என்று அவர் சிரித்தார். வேறு ஒரு தாழ்ப்பாளைத் தானே ராவி எடுத்து, ஒரு வியாழக்கிழமை காலையில் பொருத்தினார். மூடியதும் இடது விளக்குக்கும் வலது விளக்குக்கும் ஒரு நூல் வித்தியாசம் தெரியவில்லை. டேங்கை மாட்டி ஒழுகுகிறதா என்று பார்த்தார். பிறகு பெயிண்டு வாங்க சுல்தான் பத்தேரிக்குப் பஸ் ஏறினார்.

அன்று ராத்திரி மழை வலுத்தது. பத்து மணி சுமாருக்கு லைனில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டு விட்டது. முதல் பிரசவம், நாள் இன்னும் மூன்று வாரம் இருந்தது. 108-க்குச் சொன்னார்கள். வண்டி கூடலூரிலிருந்து புறப்பட்டு விட்டது, நாடுகாணியில் மரம் விழுந்து வழி அடைத்திருக்கிறது என்று தகவல் வந்தது. அதற்கப்புறம் கரண்டோடு டெலிபோன் டவரும் போயிற்று. தோட்டத்து ஜீப் ஊட்டிக்குப் போயிருந்தது. எதிர்ச் சரிவில் இருந்த ஜீப்பு எத்தனை தள்ளியும் உயிர் பெறவில்லை. மேஸ்திரி ஏறிய பஸ் எங்கே நின்று போயிற்றோ, அவரையும் காணோம்.

"மச்சான், மேஸ்திரியோட ஃபியட்டு நிக்குதே!" என்றார் தங்கை புருஷர்.

சாவி ஆணியில் தொங்கியது. கேன் தகரப் பெட்டிக்குள் இருந்தது. அவர் கேனைத் தூக்கிக் கொண்டு வர, நான் டார்ச்சைப் பிடித்தேன். வாய் இடப் பக்கத்து விளக்குக்குப் பின்னே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். எப்படித் திறப்பது என்பதுதான் அன்று பஸ் ஏறிப் போன மனிதரைத் தவிர யாருக்கும் தெரியாது. வட்டத்தை அமுக்கிப் பார்த்தோம். திருகிப் பார்த்தோம். நகத்தை விட்டு நெம்பிப் பார்த்தோம். ஒரு நூல் இடைவெளி இல்லாமல் கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. எந்தக் கச்சிதத்தைக் காலையில் மெச்சினேனோ, அது ராத்திரியில் எங்கள் முகத்தில் கதவைச் சாத்தி விட்டது. லைனிலிருந்து அந்தப் பெண் கத்துகிற சத்தம் மழைக்கு மேலே கேட்டது. மாப்பிள்ளை ஸ்குரூ டிரைவரை எடுத்து, உடைத்தாவது திறப்பது என்று ஓங்கி விட்டார்.

"மாமா, உடைக்காதீங்க!" என்று ஒரு குரல். மேஸ்திரியின் பேத்தி. எட்டு வயசு, பள்ளிக்கூடம் விட்டு வந்தால் தாத்தாவுக்கு டார்ச்சு பிடிக்கிறவள். தலையில் கோணிச் சாக்கைக் கவிழ்த்துக் கொண்டு ஓடி வந்தாள். "முதல்ல மேலே தூக்கணும். அப்புறந்தான் அமுக்கணும்."

சின்ன உள்ளங்கையால் விளக்கை அரை விரற்கடை மேலே தள்ளி, கீழ் வட்டத்தை அமுக்கினாள். விளக்கு மெல்லச் சாய்ந்தது. உள்ளே பெட்ரோல் மூடி, ஒரு பாவமும் அறியாதது போல் உட்கார்ந்திருந்தது.

டார்ச்சைத் தள்ளிப் பிடிக்கச் சொன்னதும் அந்தக் குழந்தைதான். "கிட்டக்க வேணாம், தாத்தா திட்டுவாரு." பந்தலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர முக்கால் மணி நேரம் பிடித்தது. மேஸ்திரியின் மனைவிதான் அந்தப் பெண்ணை மடியில் சாய்த்துக் கொண்டு உட்கார்ந்திருந்தாள். விடிவதற்கு முன் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் சுகம்.

மறுநாள் மத்தியானம் மேஸ்திரி வந்தார். எல்லாவற்றையும் கேட்டார். பேத்தியின் தலையைத் தடவிக் கொடுத்தாரே தவிர, ஒன்றும் பேசவில்லை. சாயங்காலம் பார்த்தால், ஒரு பித்தளைத் தகட்டில் உளியால் எழுத்து வெட்டிக் கொண்டிருக்கிறார். அதைக் கொண்டு போய் டிரைவர் பக்கத்துக் கதவின் உள் விளிம்பில் இரண்டு ஆணி வைத்து அடித்தார்.

கார்க்காரருக்கு அது பிடிக்கவில்லை. ஒளித்து வைக்கச் சொன்னால் விலாசம் எழுதி ஒட்டியிருக்கிறாரே மனிதர்! "இதை எடுத்து விடுங்கள் மேஸ்திரி" என்றார். "அது இருக்கட்டுங்க" என்றார் மேஸ்திரி. "வண்டி அழகுக்கு அது குறை." "அழகு வெளியில இருக்கு; இது உள்ளே இருக்கு." பேச்சு வளர்ந்தது. கடைசியில் பேசிய கூலியில் ஐயாயிரம் ரூபாய் குறைந்தது. திருப்பூர் வீட்டு முன்பணத்தில் அந்த ஐயாயிரம் எவ்வளவு பெரிய தொகை என்பது எனக்குத் தெரியும். மேஸ்திரி குறைந்த பணத்தை எண்ணி வாங்கி மடியில் செருகிக் கொண்டார். தகடு அப்படியே இருந்தது. போக்குவரத்து ஆபீசில் வண்டியைப் பார்த்தவர் அந்தத் தகட்டைத்தான் முதலில் படித்தார் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

அமெரிக்காவிலும் பெட்ரோல் வாய் விளக்குக்குப் பின்னாலேயே குடியிருந்து விடவில்லை. மோதலில் பெட்ரோல் எவ்வளவு சிந்தலாம் என்று 1968-ல் அங்கே விதி வந்தது. முதலில் முன்பக்க மோதலுக்கு, 1970-களின் பிற்பகுதியில் பின்பக்க மோதலுக்கும். வாய் மெல்ல மெல்ல வண்டியின் விலாப்புறத்துக்கு வந்து, சின்னக் கதவு ஒன்றைப் போட்டுக் கொண்டு மரியாதையாக உட்கார்ந்து விட்டது. இன்றைக்கு நாம் ஓட்டுகிற கார்களில் முள் காட்டுகிற பெட்ரோல் படத்துக்குப் பக்கத்தில், வாய் எந்தப் பக்கம் என்று காட்ட அம்புக்குறிகூட வைத்திருக்கிறார்கள். ஒளிக்கிற சாமர்த்தியம் எங்கேயிருந்து எங்கே வந்து சேர்ந்தது, பாருங்கள்!

நான் அழகுக்கு விரோதி இல்லை. கதை எழுதுகிறவனுக்கும் ஒளித்து வைப்பதுதானே பிழைப்பு? ஆனால் ஒளித்து வைத்த ஒன்றுக்கு ஒரு சாட்சி வேண்டும். ஒரே ஒரு மனிதனுக்கு மட்டும் தெரிந்த ரகசியம், அவன் பஸ் ஏறிப் போன அன்றைக்குப் பூட்டாகி விடுகிறது. மேஸ்திரி ஐயாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய ஞானம் அது.

ஆடி பிறப்பதற்குள் அவர்கள் சேரங்கோட்டை விட்டுப் போய் விட்டார்கள். ஹட்டனிலிருந்து ஒரு தடவை, இங்கிருந்து ஒரு தடவை. இரண்டாவது தடவைக்குக் கப்பல் தேவைப்படவில்லை, ஒரு மினி லாரி போதுமாக இருந்தது. ஃபியட் எந்த ஊர்வலத்தில் நிற்கிறதோ தெரியாது. எங்கே நின்றாலும், கதவைத் திறந்து பார்க்கிறவர்கள் பித்தளையில் கொஞ்சம் கோணலாக வெட்டிய எழுத்துக்களைப் படிக்கலாம்: "பெட்ரோல் - இடது விளக்கு. மேலே தூக்கி, பிறகு அமுக்கவும். நெருப்பு வேண்டாம்."